அம்மாவிடம் காட்டிய மாதிரிக் கட்டைகள்

காலிஞ்சும் ஆறு மில்லிமீட்டரும் ஒன்றுதான் என்று சொல்கிறவனிடம் ஒரு ஹார்டுவேர் கடையை நம்பிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அந்தக் கடை. வாசலில் பிவிசி பைப், உள்ளே ஒரு ஃபேன், ஃபேனுக்கு நேர் கீழே அவன். நான் ரௌட்டருக்கு பிட் கேட்டேன். ரௌட்டர் என்பது மரப்பலகையின் விளிம்பைச் செதுக்கும் கைமெஷின். அதன் வாயில் பிட் என்கிற வெட்டும் அலகை மாட்டி முடுக்கினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். என் மெஷினின் வாய் காலிஞ்சு. அவன் எடுத்துப் போட்ட பிட்டின் காம்பு ஆறு மில்லிமீட்டர். மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் பிட் கழன்று பறந்தால் நேராக என் தொடைக்குத்தான் வரும்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். லூசா இருந்தா பேப்பர் சுத்தி மாட்டிக்கோ. எல்லா கார்பெண்டரும் அப்டித்தான் மாட்டிகினு கீறான்.”

“உன் வண்டிச் சக்கரத்தையும் பேப்பர் சுத்தித்தான் மாட்டியிருக்கியா?” என்று கேட்டேன்.

“இன்னா சார், காலங்காத்தால” என்று அவன் பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தான். பைத்தியம் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள் என்று அர்த்தம். அந்த ஆளும் சிரித்தான். ஒரு முட்டாளுக்குத் துணைக்கு இன்னொரு முட்டாள் எப்போதும் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறான், அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

இந்த வாய் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா இதே எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸ் கம்பெனியில், செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். கப்பலேறப் போகும் சட்டை ஒவ்வொன்றும் அவள் மேஜைக்கு வந்துதான் போக வேண்டும். காலரைத் திருப்பிப் பார்த்து, கஃபை இழுத்துப் பார்த்து, பட்டன் துளையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ஒன்று பாஸ் போடுவாள், இல்லை தூக்கி ஓரமாக எறிவாள். சூப்பர்வைசர் வந்து, “அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, ஷிப்மெண்ட் போவணும்” என்று கெஞ்சுவானாம். “உன் கல்யாணத்துக்கு இத்தப் போட்டுக்கினு நில்லு, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்” என்பாளாம். ரிட்டயர் ஆகும்வரை ஒரு மட்டமான சட்டையைக்கூட அவள் பாஸ் போட்டதில்லை. அது அவள் சொல்லும் கணக்கு, நான் நம்புகிறேன்.

அந்தக் கண்ணை அவள் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததில்லை. எதிர்வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் கோணலாகத் தொங்கினால் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். பாஸ்டரே ஒருமுறை பிரசங்கம் எப்படி என்று கேட்டு மாட்டிக்கொண்டார். “ஆரம்பம் நல்லா கீது, நடுவுல தையல் விட்டுப்போச்சு ஐயா” என்றாள். எனக்குப் பெண் பார்க்கத் திருநெல்வேலி போன இடத்தில், பெண்வீட்டார் முன்னாலேயே, “பொண்ணு தங்கமா கீது, மிக்சர்தான் காறல் அட்ச்சிகினு கீது” என்றாள். என் மாமியார் இன்றுவரை எங்களுக்கு மிக்சர் வைப்பதில்லை.

நானும் குறை கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங். எவனோ எழுதியதை உடைத்துக் காட்டுகிற வேலை. அம்மாவுக்கு அதிலும் மரியாதை இல்லை. “கையில தொட்டுப் பாக்க முடியாததுல இன்னா குறை கண்ட?” என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், பழைய வீடியோ கேம் கடைகளில் இருக்குமே, ஆள் உயரப் பெட்டி, நின்றுகொண்டு ஆடுவது, அதை வீட்டிலேயே செய்யப்போகிறேன் என்று சொன்னது என் தைரியம். உள்ளே ஒரு பழைய மானிட்டர், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, முன்னால் ஒரு ஸ்டிக், வரிசையாகப் பட்டன்கள். சுற்றி மரப்பெட்டி. அவ்வளவுதான். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தலை நரைச்ச பெறகு பொட்டி செய்யப் போறியா? செய் நைனா. கொஞ்சம் நீட்டா, மூடி வெச்சுச் செய். எனக்கு ஒரு நாள் ஒதவும்.”

அதற்குப் பிறகு சில வருஷங்கள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சும் போகவில்லை. இடது கையும் இடது காலும் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அம்பத்தூர் வீட்டில் தனியாக இருந்தவளை எங்கள் நெமிலிச்சேரி ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவள் வீட்டை வாடகைக்கு விட்டோம். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது எல்லாம் என் மனைவி.

வந்த முதல் வாரத்திலேயே அது நடந்தது. மனைவி ஒரு நாள் காலையில் உப்புமா கிண்டினாள். அடி பிடித்த உப்புமா. தெருமுனையிலேயே வாசனை வந்திருக்கும். தட்டை அம்மா முன்னால் வைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள். அம்மா ஒரு வாய் எடுத்து மென்றாள்.

“நல்லா கீதும்மா” என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு பார்த்தபோதுகூட அப்படிப் பயம் வரவில்லை.

அன்றிலிருந்து எல்லாம் நல்லா கீது. டீ நல்லா கீது. தண்ணியாக இருந்தாலும் நல்லா கீது. டிவியில் எந்தக் கண்றாவி சீரியல் ஓடினாலும் நல்லா கீது. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், அமுக்கிவிட்டு, பந்து நல்லா கீது.

உலகத்துக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். டாக்டர் என்கிற அந்தப் பெரிய மனிதர், “அமைதியா இருக்காங்க, வெரி குட்” என்றார். என்ன வெரி குட்? ஓடுகிற வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டால் அதுவும்தான் அமைதியாக இருக்கும். அவரைக்கூட விடலாம். சபையிலிருந்து பார்க்க வந்த பெண்களை என்னால் மன்னிக்கவே முடியாது. அம்மாவிடம் பல வருஷமாகத் திட்டு வாங்கிய கூட்டம். கையில் ஆப்பிளோடு வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவளை வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்திருந்தாள். புளியில் மீன் தற்கொலை செய்துகொண்ட மாதிரி ஒரு குழம்பு. அம்மா, “நல்லா கீதும்மா” என்றதும், அந்த அம்மாள் கண்ணை மூடி, “ஸ்தோத்திரம்! கர்த்தர் உங்களை எவ்ளோ அழகா மாத்திட்டாரு சிஸ்டர்” என்றாள். மற்றவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு அந்தப் பாத்திரத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. கர்த்தருக்கு வேறு வேலை இல்லையா? உங்கள் மீன் குழம்பைக் காப்பாற்றவா ஒரு பெண்பிள்ளையின் மூளையில் ரத்தத்தை அடைப்பார்?

சொன்னால் செருப்பால் அடிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். எனக்கு அம்மாவின் கை திரும்பி வருவதைவிட வாய் திரும்பி வர வேண்டும். கை வராவிட்டால் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது. அந்த வாய் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பது யார்?

பிசியோதெரபிஸ்ட் பெண்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில், பந்தில் அவர்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது, இடது கைக்கு ஆர்வமாக ஏதாவது வேலை கொடுங்கள் என்றாள். வீடியோ கேம் பெட்டியில் ஸ்டிக் இருப்பது இடது கைப்பக்கம். நான் அம்மாவிடம் போய், “அந்தப் பொட்டி செய்யலாம்னு இருக்கேன்மா” என்றேன். மனசுக்குள் ஒரே வேண்டுதல். திட்டு, காறித் துப்பு, சவப்பெட்டி என்று சொல்.

“செய் நைனா. நல்லா இருக்கும்” என்றாள்.

இப்படித்தான் எனக்கு உத்தரவு கிடைத்தது. அடுத்த சனிக்கிழமைதான் அந்தக் காலிஞ்சுக் கடை.

பிட் வாங்குவது பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, ஒருவனுக்கும் விஷயம் தெரியாது. எனக்குத் தேவைப்பட்டது மூன்று விதம்தான். ஒன்று, ஒரு பக்கப் பலகையை அச்சாக வைத்து அதே வடிவில் இன்னொன்றை வெட்ட, நுனியில் பேரிங் வைத்த பிட். இரண்டு, கை படும் இடங்களில் விளிம்பை உருட்டிவிட ஒன்று. மூன்று, விளிம்பின் நடுவில் மெல்லிய பள்ளமாகக் காடி இழுக்க ஒன்று. அந்தக் காடியில் பிளாஸ்டிக் பட்டையை அடித்து இறக்கினால்தான் பழைய கடைப் பெட்டிகளின் முகம் வரும். இதைச் சொன்னால் கடைக்குக் கடை ஒரே பதில். “அதெல்லாம் எதுக்கு சார், மைக்கா ஒட்டிடு.” அலமாரிக்கு மைக்கா, கட்டிலுக்கு மைக்கா, பூஜை அறைக் கதவுக்கு மைக்கா. இவர்கள் செத்தால் மேலே மைக்கா ஒட்டித்தான் எடுத்துப்போவார்கள் போல.

வெளியேதான் இந்த லட்சணம் என்றால், எதிர் ஃப்ளாட்டில் ஒருவன். கோயம்புத்தூர் பக்கத்துக்காரன், ஐடி. வேலப்பன்சாவடியில் கல்லூரி படித்து முடித்த தகுதியில், தன்னை எங்கள் பக்கத்துப் பூர்வகுடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஆணி அடித்ததில்லை. ஆனால் ஆணி அடிப்பது பற்றி எல்லா வீடியோவும் பார்த்திருக்கிறான். நான் மொட்டைமாடியில் பலகையைப் பரப்பியதும் காபி டம்ளரோடு வந்துவிட்டான்.

“ப்ரோ, கார்பைடு பிட்டுங்களா? ஆர்பிஎம் எவ்ளோ வெச்சிருக்கீங்க? ஸ்பைரல் போயிருக்கலாமுங்க. அப்புறம் சுத்தியும் பர்ப்பிள் எல்இடி ஓட்டி விட்டீங்கன்னா வேற லெவல் ப்ரோ.”

“பிடிங்க” என்று பலகையின் ஒரு முனையைக் காட்டினேன். அவனுக்கு உடனே ஒரு கால் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கியவன், தூசியெல்லாம் பெருக்கி முடித்த பிறகுதான் மேலே வந்தான். அவன் காதில் வைத்த போன் அடிக்கவே இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைகடையாக அலைந்து கடைசியில் கிடைத்த காலிஞ்சு பிட்டை முதலில் மிச்சப் பலகைத் துண்டுகளில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கை படும் விளிம்பு வழவழவென்று உருண்டிருந்தது. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள். அந்தத் தடவலைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

“நல்லா கீது.”

“வேற ஒண்ணுமில்லையா?”

“இல்ல நைனா. நல்லா கீது.”

அது உண்மையாகவே நன்றாக இருந்ததுதான் சிக்கல். நன்றாக இருப்பதை நல்லா கீது என்றால் அதை வைத்து என்ன தெரியும்? மொட்டைமாடிக்குப் போனேன். மழுங்கிப்போன பழைய பிட் ஒன்றை மாட்டினேன். இன்னொரு துண்டை எடுத்து, மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினேன். புகை வந்தது. விளிம்பு கருகி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, எலி கடித்த மாதிரி ஆனது. ஒரு சின்னக் குழந்தையிடம் கொடுத்தால்கூட, ‘அய்யே’ என்று கீழே போட்டுவிடும். அதைக் கொண்டுபோய், அந்த நல்ல கட்டைக்குப் பக்கத்திலேயே வைத்து, “ரெண்டுல எதும்மா நல்லா இருக்கு?” என்றேன்.

அம்மா இரண்டையும் பார்த்தாள். கருகியதை எடுத்தாள். பள்ளத்தில் விரல் நின்றது.

“ரெண்டுமே நல்லா கீது நைனா” என்று கட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனைவி கிச்சனில் இருந்தாள். நான் அங்கே போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. “ஏங்க, அவங்களைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துதீங்க?” என்றாள். “சும்மா விடுங்க. பாவம்.” பாவம் என்ற சொல்லை என் அம்மாவைப் பார்த்து ஒருவர் சொல்லும் காலம் வந்துவிட்டது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பெயிண்ட் கடை ஆவடியில். அங்கே கம்ப்யூட்டரில் நம்பர் தட்டினால் மெஷின் கலந்து கொடுக்கும். மெஷினுக்கு இருக்கிற அறிவு அதன் பக்கத்தில் நின்றவனுக்கு இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைக்கு என்றேன்; அதன் வெட்டு விளிம்பு பெயிண்டைத் தண்ணீர் மாதிரி குடிக்கும், முதலில் சீலர் அடித்து அடைக்க வேண்டும், என்ன சீலர் இருக்கிறது என்று கேட்டேன். “நாலு கோட்டு சேர்த்து அடி சார், தானா அடங்கிடும்” என்றான். குழந்தை அழுதால் நாலு அறை விடு, தானாக அடங்கிவிடும் என்பது போல. அப்புறம் கலர் கார்டை விரித்துக்கொண்டு, “இது இப்ப செமயா மூவ் ஆவுது” என்று ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டினான். இந்தப் பக்கம் புதிதாக முளைத்த அப்பார்ட்மெண்ட் ஒவ்வொன்றும் அந்தச் சாம்பல்தான். வெள்ளானூர் வரை சாம்பல். ஏதோ ஊரே எரிந்து முடிந்த மாதிரி.

எனக்கு வேண்டியது அடர் நீலம். கறுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீலம், எனாமல், பளபளப்பு குறைவாக. அதை வாங்கினேன். கூடவே ஒரு சின்ன டப்பா மஞ்சளும் வாங்கினேன். மஞ்சள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மாம்பழம் அழுகி, அதன்மேல் வெயில் பட்டால் வரும் நிறம். கடைக்காரனே, “இதுவா சார்?” என்று கேட்டான். எதற்கு என்று அவனிடம் என்ன சொல்வது?

அட்டைத் துண்டுகளில் இரண்டையும் அடித்துக் காயவைத்துக் காட்டினேன். நீலம் நல்லா கீது. மஞ்சளும் நல்லா கீது. வீம்புக்கு இன்னும் ஒரு படி போனேன். பெட்டியின் இடது பக்கப் பலகை முழுவதையும் அந்த மஞ்சளில், சீலர் போடாமல், ஒழுக ஒழுக அடித்தேன். மழைக்கால ஈரம் வேறு. பெயிண்ட் காயாமல் பிசுபிசுத்து, கோடுகோடாக வழிந்து, அதில் மாடியின் கொசுவெல்லாம் ஒட்டிக்கொண்டு செத்தது. நீலப் பலகைகள் ஒரு பக்கம் அழகாக நிற்க, நடுவில் இது. பெட்டியைப் பொருத்தி, ஹாலில் அம்மாவின் நாற்காலிக்கு எதிரே நிறுத்தினேன். மஞ்சள் பக்கம் அவளுக்கு நேராகத் தெரியும்படி வைத்தேன்.

“நல்லா செஞ்சிகீற நைனா” என்றாள். கூடவே சிரித்தாள்.

தோற்றுவிட்டேன் என்று முடிவுசெய்தேன். டாக்டர் சொன்னது சரி, சபைப் பெண்கள் சொன்னது சரி, அம்மா மாறிவிட்டாள். இனி என் வீட்டில் ஒரு சாந்தமான கிழவி இருப்பாள், அவளுக்கு நான் மாத்திரை கொடுப்பேன். அன்று ஆபீசில் ஒருவன் எழுதிய குப்பையில் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கே எதிலும் பிடிப்பில்லாமல் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்த பிறகு, அம்மாவைப் பெட்டிக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் உட்காரவைத்தோம். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி இடது கையைத் தூக்கி ஸ்டிக்கின் மேல் வைத்தேன். எதிர் ஃப்ளாட்டுக்காரன் தன் சொந்தத் தயாரிப்பைத் திறந்துவைக்க வந்த மாதிரி வந்து பக்கத்தில் நின்றான். மனைவி கிச்சனில் சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரையில் மேலிருந்து பாறைகள் விழும்; கீழே ஒரு சின்ன ஓடம்; அதை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தப்பிக்க வேண்டும். அவ்வளவு சுலபமான ஆட்டம்.

முதல் பாறையிலேயே ஓடம் நொறுங்கியது.

“சூப்பருங்க ஆன்ட்டி!” என்று அவன் கை தட்டினான்.

மறுபடி ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் ஸ்டிக்கைச் சுற்றி மூட முயன்று, மூடாமல், வழுக்கின. ஓடம் நின்ற இடத்திலேயே நின்று நொறுங்கியது. “செமயா ஆடறீங்க ஆன்ட்டி! அப்படித்தானுங்க!” மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன். என்ன செய்வது, தட்டினேன். மூன்றாவது தடவை மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தது. ஓடம் ஒரு விரற்கடை நகர்ந்து, நேராகப் போய்ப் பாறையில் மோதியது. அவன் விசிலே அடித்துவிட்டான்.

அம்மா அவன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

“தோத்துகினு கீறேன். கண்ணு தெர்லியா உனக்கு? இதுக்கு இன்னாத்துக்குக் கை தட்ற, கேணப்பயலே?”

அவன் கை பாதியில் நின்றது. கிச்சனில் கரண்டிச் சத்தம் நின்றது. அவனுக்கு மறுபடியும் ஒரு கால் வந்தது. இந்த முறை போனைக் காதில் வைக்கக்கூட மறந்துவிட்டு வெளியே போய்விட்டான். போகட்டும். நான் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தலாம் போலிருந்தது.

“திட்டும்மா. இன்னும் திட்டு. ஏம்மா இத்தனை நாளா வாயே திறக்கல? எல்லாத்தையும் நல்லா கீது, நல்லா கீதுன்னு!”

“வேற இன்னா சொல்றது?” என்றாள். குரல் தணிந்துவிட்டது. “உன் பொண்டாட்டி என்னைக் குளிப்பாட்றா. கக்கூஸ்ல தூக்கி உக்கார வெக்கிறா. அவ வெச்ச சோத்தை வாயில வெச்சிகினு, நல்லா இல்லன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? என் ஊடா இது? நாளைக்கு அவளும் மொகத்தைத் தூக்கி வெச்சிகினா நான் எங்க போவேன்?”

மனைவி கிச்சன் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்பது பேசும்போதுதான் தெரிந்தது.

“அத்தை, நான் வைக்கிற சாம்பார் எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“உப்பே இல்ல” என்றாள். “வந்ததுலேந்து இல்ல.”

“டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னாரு.”

“அந்தாளுக்கு ஊத்து அந்த சாம்பாரை.”

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கை பெட்டியின் மஞ்சள் பக்கத்தில் பட்டு இன்னும் ஒட்டியது. அதைத் தட்டிக் காட்டி, “இது? இதையும் சொல்லும்மா” என்றேன். இன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. திருவிழாவில் நிற்கும் பையன் மாதிரி கேட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. அந்த மஞ்சளை அவள் பார்க்கக்கூட இல்லை.

“கருகிப்போன கட்டை ஒண்ணு கொண்டாந்து காட்னியே. நடுவுல பள்ளம் வுயுந்து. அத்தயும் நல்லா கீதுன்னு என் வாயால சொல்ல வெச்சியேடா பாவி. தெரியாமயா சொன்னேன்? அத்தனை வருஷம் கம்பெனில ஒரு பீஸ் நான் அப்டி வுட்டதில்ல. உனக்காவ வுட்டேன்.”

வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல நைனா.”